காலைப் பொட்டலத்தில் நான்கு மாத்திரை

ஜாலான் புசாரில் ஒரு சிறிய கிளினிக்கின் மருந்து கவுண்டரில் முப்பத்தொரு வருடம் நின்றேன். இங்கே டாக்டரைப் பார்த்த இடத்திலேயே மருந்தையும் வாங்கிக்கொண்டு போவார்கள். டாக்டர் சொன்னதில் பாதி அறைக்கு வெளியே வருவதற்குள் மறந்துபோகும். கவுண்டரில் நிற்பவன் சொல்வதுதான் வீடு வரை போகும். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொட்டலம்

எங்கள் கிளினிக்குக்குக் கட்டுமான வேலை, ஷிப்யார்ட் வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறைய வருவார்கள். ஆங்கில லேபலைப் பார்த்துக் குழம்புவார்கள். அவர்களுக்காக நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்துச் சின்னச் சின்ன உறைகளில் போட்டு, மேலே தமிழில் காலை, மதியம், இரவு என்று எழுதிக் கொடுப்பேன். “அங்கிள் கட்டுற பொட்டலம் கோயில் விபூதி மாதிரி, பிரிச்சாலே பாதி குணமாயிடுது” என்று ஒரு வெல்டர் கிண்டல் செய்வார். எனக்கு அதில் பெருமை. கிளினிக்கில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. செய்யச் சொல்லி டாக்டரும் கேட்டதில்லை.

சுகன்யா அப்படித்தான் எனக்குப் பழக்கம். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண். கணவர் பிரபு ஷிப்யார்டில் சூப்பர்வைசர். மார்சிலிங்கில் வாடகை வீடு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்குத் தைராய்டு குறைவு. தினமும் தைராக்சின் மாத்திரை சாப்பிட வேண்டும். நாலு வருடமாக எங்கள் டாக்டர்தான் அதைப் பார்த்துவந்தார்.

கர்ப்பமானபோது ஸ்கேனில் இரட்டைக் குழந்தை என்று தெரிந்தது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி, தைராய்டுக்கு எங்கள் டாக்டர் என்று வைத்துக்கொண்டார்கள். டாக்டர் அவளிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். குழந்தைகளுக்கும் சேர்த்துத் தாய்க்கு அதிக தைராக்சின் தேவைப்படும், மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து அளவை மாற்ற வேண்டும், அளவு பிசகினால் குறைமாதப் பிரசவம் வரைக்கும் போகலாம். அவள் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

நாலாம் மாதம் ஆஸ்பத்திரியில் இரும்புச் சத்து, கால்சியம், ஃபோலிக் மாத்திரைகள் எழுதினார்கள். இரட்டைக் குழந்தை என்பதால் இரும்பு கொஞ்சம் கூடுதல். அவள் அந்த அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தாள்.

“இதையும் சேத்துக் கட்டிக் குடுத்துருங்க அங்கிள். நீங்க கட்டினாத்தான் எனக்கு மறக்காது.”

கட்டினேன். தைராக்சின், இரும்பு, கால்சியம், ஃபோலிக் நான்கையும் காலை உறையில் போட்டேன். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் இரும்பு குமட்டும் என்று காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலோடு போடச் சொன்னேன்.

தைராக்சினை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். இரும்பும் கால்சியமும் அதற்கு நான்கு மணி நேரம் தள்ளித்தான் வர வேண்டும். சேர்த்து விழுங்கினால் தைராக்சினை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. இதை நான் ஒரு பயிற்சி வகுப்பில் படித்து, பரீட்சையும் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு என் பொட்டலம் தெரியாது. அந்த இரும்பு எந்த வேளையில் போகிறது என்று எங்கள் டாக்டருக்குத் தெரியாது. எல்லா மாத்திரையையும் ஒரே மேசையில் பார்த்த ஆள் நான் ஒருவன்தான்.

அளவு ஏறியது

ஐந்தாம் மாத ரத்தப் பரிசோதனையில் தைராய்டு போதவில்லை என்று வந்தது. இரட்டைக் குழந்தை, தேவை கூடியிருக்கும் என்று டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். ஆறாம் மாதம் இன்னும் போதவில்லை. மறுபடியும் கூட்டினார். கூட்டிய மாத்திரையையும் அதே காலை உறையில்தான் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் டாக்டர் விடுப்பு. அவருக்குப் பதிலாக வந்திருந்த இளம் டாக்டர் அறைக்கதவைத் திறந்துவைத்தபடி ஒரு சீன மூதாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தார். தைராய்டு மாத்திரையும் கால்சியமும் ஒன்றாகச் சாப்பிடக்கூடாது, நாலு மணி நேரம் விட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று விரலை விட்டு எண்ணிக் காட்டினார். நான் கையில் மாத்திரைத் தட்டோடு நின்றேன். எண்ணிக்கொண்டிருந்த மாத்திரைகள் எத்தனை என்று மறந்துபோனது.

அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். சுகன்யாவை வரச்சொல்லி உறைகளை மாற்றினேன். விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராக்சின் மட்டும். மற்றதெல்லாம் மதியமும் இரவும்.

“ஏன் அங்கிள், இத்தனை நாளா ஒண்ணாத்தானே சாப்பிட்டேன்?”

“இப்ப புது முறை வந்திருக்கும்மா.”

அவள் சந்தேகப்படவில்லை. உறைகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

நான் யோசிக்காத ஒன்று இருந்தது. உடம்பில் சேராமல் வீணான மாத்திரையை ஈடுகட்டத்தான் டாக்டர் தெரியாமலே அளவைக் கூட்டியிருந்தார். இப்போது அது முழுவதும் சேர ஆரம்பித்தது. குறைவாக இருந்தது அதிகமானது. டாக்டரிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே அளவைக் குறைத்திருப்பார்.

ஆமாம் டாக்டர்

மூன்று வாரம் கழித்து, பரிசோதனை நாளுக்கு முன்பே அவள் வந்தாள். நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, தூக்கம் இல்லை என்றாள். ரெட்டைப் பிள்ளை சுமப்பவளுக்கு இதெல்லாம் இருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாராம், அதனால் ஒரு வாரம் பொறுத்திருக்கிறாள். டாக்டர் ரத்தம் எடுத்தனுப்பினார். மறுநாள் முடிவு வந்ததும் அவரே கவுண்டருக்கு வந்தார்.

“மாணிக்கண்ணே, நம்பர் ஒரேயடியா திரும்பியிருக்கு, எப்படிலா? சுகன்யா மாத்திரைய சரியாத்தானே சாப்பிடுறாங்க? நீங்கதானே கட்டித் தர்றீங்க?”

“ஆமாம் டாக்டர்.”

“ஒண்ணும் மாத்தலையே?”

“இல்ல டாக்டர்.”

கவுண்டரில் வேறு யாரும் இல்லை. அவர் என்மேல் கோபப்பட்டிருக்கக்கூட மாட்டார், அப்படிப்பட்ட மனிதர். ஆனாலும் இருபத்தெட்டு வருடம் சம்பாதித்த பெயர் அந்த நிமிடத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவர் அளவைக் குறைத்தார், ஆஸ்பத்திரிக்கும் தகவல் கொடுத்தார். ஐந்தாவது நாள் அவளுக்கு வலி கண்டது. ஏழாம் மாதம் இன்னும் முடியவில்லை.

இரண்டும் பெண் குழந்தைகள். மூத்தது பிழைத்தது. இளையது ஒன்பது நாள் இருந்தது.

இரட்டைப் பிரசவம் முந்துவது சகஜம், இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அது உண்மையாகவும் இருக்கலாம். நான் அந்த வாக்கியத்துக்குள் ஒளிந்துகொண்டேன்.

மூத்த குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும்போதெல்லாம் சுகன்யா கவுண்டரில் நிற்பாள். ஒருநாள் தானாகவே சொன்னாள்.

“அங்கிள், ஆறாம் மாசம் ரெண்டு நாள் நான் மாத்திரைய மறந்துட்டேன். அதான் இப்படி ஆயிடுச்சு. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.”

“அப்படியெல்லாம் இல்லம்மா” என்றேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

மார்சிலிங்

மூன்று வருடம் போனது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், அடுத்த குழந்தையைப் பற்றி டாக்டர் அவளிடம் பேசியிருக்கிறார். அவள் வேண்டாம் என்றது வெளியே எனக்குக் கேட்டது. “எனக்கு ஒழுங்காப் பாத்துக்கத் தெரியல டாக்டர். ஒண்ணை விட்டுட்டேன்ல.”

ஓய்வு பெற்ற மறுநாள் சாயங்காலம் மார்சிலிங்குக்குப் போனேன். அவள் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். நின்றுகொண்டே சொன்னேன். நான்கு மாத்திரையை ஒன்றாகக் கட்டியது, உறையை மாற்றியது, புது முறை என்று பொய் சொன்னது, டாக்டரிடம் இல்லை என்றது, எதையும் விடவில்லை. அன்று காலையே டாக்டரிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். ரெண்டு நாள் மறந்ததால் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு வந்தாள்.

“நான் உங்ககிட்ட வந்து, என் தப்புன்னு சொன்னேனே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அவரு ஏழு மணிக்கு வருவாரு. இருந்து அவர்கிட்டயும் நீங்களே சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா, தப்பிக்கப் பாக்கிறேம்பாரு.”

ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கேட்க வாய் வரவில்லை. அவள் சமையலறையில் வேலையைப் பார்த்தாள். ஒருமுறையும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பிரபு வந்து, என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “அடடே அங்கிள், வாங்க வாங்க” என்றார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். முடித்தபோது அவர் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. சமையலறை வாசலில் நின்ற சுகன்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்காமல் அடுப்பை அணைத்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களே, வேறு இடத்தில் கொடுத்த மாத்திரையை டாக்டரிடம் காட்டாமல் உங்கள் உறையில் சேர்க்காதீர்கள். அது சின்ன விஷயம், ஒரு வாரத்தில் பழகிவிடும். நான் முப்பத்தொரு வருடத்தில் கற்றுக்கொள்ளாதது இதுதான்: தவறு செய்தால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் விட்டால் அந்தத் தவறு ஆளில்லாமல் கிடக்காது. யாராவது அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்வார்கள். சுகன்யா அதை மூன்று வருடம் சுமந்தாள். நான் கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.