குதிரைக்குப் பதில் நாலு டயர்

அடுத்தவன் வண்டி டயரில் உம்சுனாய் நகத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாரின் ஊர் வண்டி நிலையத்தில் காலை ஏழு மணிக்கு, தலைநகர் பிஷ்கெக் போகும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கையில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குந்திக் குந்தியே நகர்வாள். கட்டைவிரல் நகம் ரப்பரில் கொஞ்சம் இறங்கினால் பேசாமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவாள். இறங்காவிட்டால் டயரின் பக்கவாட்டைக் கோட்டுக் கையால் துடைத்து, அது எந்த வாரம் எந்த வருடம் பிறந்தது என்று சொல்லும் நாலு எண்களைத் தேடிப் படிப்பாள். பிறகு வண்டிக்காரனைப் பார்த்து, நிலையம் முழுக்கக் கேட்கும்படி, “தம்பி, இதைப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டியா? ஏழு வயசாகுதே!” என்பாள்.

வண்டிக்காரர்களுக்குச் சிரிப்பு வருவதில்லை. பக்கத்திலேயே பயணிகள் மூட்டை முடிச்சோடு நிற்கிறார்களே. எர்கெஷ் என்கிற இளைஞன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “யக்கா, உன் வண்டியைப் பாத்துக்கிட்டுப் போயேன். என் பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடறே?” என்றான்.

“மண்ணு போட்டாலாவது வழுக்காம போவியேன்னுதான்” என்றாள்.

வயது ஐம்பத்து மூன்று. ஆண்கள் போடுகிற பஞ்சு வைத்த கோட்டு, முழங்கால் வரை கம்பளிப் பூட்ஸ், இரண்டு கன்னத்திலும் காற்றடித்துக் கன்றிப்போன சிவப்பு. அவளுடைய வண்டி ஏழு பேர் ஏறும் பெரிய வெள்ளை ஜப்பான் வண்டி. ஸ்டீயரிங் வலது பக்கம். ஆனால் எங்கள் நாட்டில் சாலையின் வலப்புறம்தான் ஓட்ட வேண்டும். ஆகவே ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. முன்சீட்டுக்காரர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாவட்டப் பத்திரிகையின் பக்கங்களைத் தலைநகர் அச்சகத்துக்கு எடுத்துக்கொண்டு வாரம் தவறாமல் போகிற எனக்கு அந்தச் சீட்டு வாய்த்திருக்கிறது. நான் பயந்தாங்கொள்ளி. சாலை வெறிச்சென்று கிடந்தாலும் “வேண்டாம், வேண்டாம்” என்பேன். “உன்னை நம்பி ஓட்டினா மலைக்கு அந்தப் பக்கம் கொச்கோர் வர்றதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும்” என்று திட்டுவாள். ஆனாலும் வேறு யாரையும் அங்கே உட்காரவிட மாட்டாள். அவசரக்காரன் சொல்கிற ‘போகலாம்’ அவளுக்கு வேண்டாம்.

வண்டிக்குள் சில சட்டங்கள் உண்டு. சூரியகாந்தி விதை கொறிக்கக் கூடாது. எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று வாய்தவறியும் கேட்கக் கூடாது. கேட்டவனைக் கணவாய்க்கு முன்னால் இறக்கி, வண்டியை மூன்று முறை சுற்றி வரச் சொல்வாள். ஒரு நீதிபதியே ஒருமுறை சுற்றி வந்திருக்கிறார். நான் கண்ணால் பார்த்தேன், ஆனால் பத்திரிகையில் போடவில்லை.

வண்டி அவள் புருஷன் துய்ஷோனுடையது. போன வருடம் நவம்பர் முதல் வாரத்தில், கொட்டகையில் நிலக்கரி அள்ளிக்கொண்டிருந்தவர் வாளியோடு சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. நாற்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே உம்சுனாய் வண்டியை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்து வரிசையில் நின்றாள். வண்டியை விற்கப்போகிறாள் என்று விலை பேச வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள்.

அந்த டிசம்பரில்தான் அது நடந்தது. தோலோன் கணவாயைத் தாண்டி இறங்கும் மூன்றாவது வளைவு. வேகமும் இல்லை, பிரேக்கும் போடவில்லை. வண்டியின் பின்பக்கம் தானாக முன்னே வரப் புறப்பட்டது. ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, நாரினைப் பார்த்தபடி, பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. இரண்டாவது வரிசையில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உம்சுனாய் இறங்கி வந்து ஒவ்வொருவர் தலையையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு முன்சக்கரத்தை ஓங்கி ஓர் உதை விட்டு, ஆகாயத்தைப் பார்த்துக் கத்தினாள்.

“யோவ் துய்ஷோன்! நீ வாங்கிப் போட்ட டயருய்யா இது! பழசானாலும் ஜப்பான், பழசானாலும் ஜப்பான்னு தூக்கி வச்சுக்கிட்டு ஆடினியே! ஏழு பேரை உன் பின்னாடியே அனுப்பப் பாத்தியே!”

துய்ஷோன் மட்டுமில்லை, எங்கள் ஊர் ஆண்கள் முக்கால்வாசிப் பேருக்கும் அதே நம்பிக்கைதான். சீனத்துப் புதுசைவிட ஜப்பான் பழசு மேல் என்பார்கள். கொச்கோரில் டயரைக் கழற்றிப் பார்த்தபோது நாலு எண்ணும் தெரியாதபடி உள்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தது. பதினொரு வயது. அந்தக் குளிர்காலம் முழுக்கச் சங்கிலி கட்டியே ஓட்டினாள். அடுத்தவர் டயரில் நகம் வைக்கிற பழக்கமும் அப்போது வந்ததுதான்.

இந்த அக்டோபரில் பிஷ்கெக்கின் வாகனச் சந்தைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். டயருக்கென்றே மூன்று சந்து. முதல் சந்தில் மலிவு விலைப் புது டயர்கள், மை தடவினாற்போல் பளபளப்பு. “அக்கா, பட்டன் பள்ளத்தைப் பாருங்க, எவ்வளவு ஆழம்! விலை பாதிக்குப் பாதி” என்றான் கடைக்காரன்.

“மைனஸ் முப்பதுல இது எப்படி இருக்கும்?”

“டயரு டயரு மாதிரிதான் இருக்கும்.”

“தம்பிக்கு எந்த ஊரு?”

“இதே ஊருதான்.”

“அதான்” என்று நகர்ந்துவிட்டாள். எனக்குக் கேட்கும்படி மட்டும், “ஊருக்குள்ள ஓட்டறவனுக்கு இது போதும். பொய் சொல்லக் கூடாது. கணவாய்க் குளிர்ல இந்த ரப்பரு கட்டையாயிடும்” என்றாள்.

இரண்டாவது சந்து பழைய டயர்கள். அங்கேதான் அவளைப் பார்க்க வேண்டும். முகர்ந்தாள், பாலிஷ் வாடை வந்தது, ஒதுக்கினாள். உள்ளே கைவிட்டுத் தடவி, ஒட்டுப் போட்ட இடத்தைக் கண்டுபிடித்தாள். மொட்டையாகிப்போன டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் கீறிப் புதுசு போல் ஆக்கியிருந்த ஒன்றைத் தூக்கிக் கடைக்காரனிடமே காட்டி, “இதை உன் மாமனார் வண்டிக்குப் போடு” என்றாள். கடைசியில் நல்லதாக இரண்டு ஜோடி, நாலு டயர் கிடைத்தது. நாலு வயசுதான், நகம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வாங்கிவிடு என்று நான் ஜாடை காட்டினேன். அவளும் பையில் கைவிட்டாள். கைவிட்டவள் மறுபடி குனிந்து எண்களைப் படித்தாள்.

“இந்த மூணு பேரும் ஒரு வீட்டுப் பிள்ளைங்க. இவன் யாரு?”

கடைக்காரன் தலையைச் சொறிந்தான். “விருந்தாளின்னு வச்சுக்கோங்களேன்.”

“விருந்தாளிக்கு டீ குடுப்பேன். மலை மேல கூட்டிட்டுப் போக மாட்டேன்.”

மூன்றாவது சந்தில் உயர்ந்த ரகப் புது டயர்கள். நகத்தை வைத்தாள், எடுத்தாள், விலையைக் கேட்டாள், வெளியே வந்துவிட்டாள். ஊர் திரும்பும் வழியில், கணவாய் உச்சியில் தேநீருக்கு நிறுத்தியபோதுதான் சொன்னாள். “குதிரையை வித்துடலாம்னு இருக்கேன்.”

துய்ஷோன் குட்டியிலிருந்து வளர்த்த பழுப்புப் பெட்டைக் குதிரை அது. எங்களில் ஒருவர் இறந்து ஒரு வருடம் ஆனால் பெரிய விருந்து வைப்போம். செத்தவரின் குதிரையை அவர் பெயரில் அறுத்து, வந்தவர்களுக்கெல்லாம் பங்கு கொடுப்போம். அன்றைக்குத்தான் துக்கம் முடியும். புருஷன் வீட்டுப் பெண்கள் விதவையின் கறுப்பு முக்காட்டை அவிழ்த்து வெள்ளையைக் கட்டிவிடுவார்கள். அதுவரை அவள் ஒரு கல்யாண வீட்டில் காலெடுத்து வைக்க முடியாது. விருந்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

அந்த வாரமே விற்றுவிட்டாள். “அறுக்கறவன் கூட விலை போட்டுக் கேட்டான். குடுக்கல. குதிரைப்பால் கறந்து விக்கறவனுக்குத்தான் வித்தேன்” என்றாள். அந்தக் காசில், மூன்றாவது சந்திலிருந்து நாலு டயரும் விருந்துக்கு மூன்று ஆடும் வந்தன.

சேதி பக்கத்து ஊர் அத்பாஷிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? துய்ஷோனின் அண்ணன் மாம்பெத் அங்கேதான் இருக்கிறார். உயரத் தொப்பியும் கைத்தடியுமாக நிலையத்துக்கே வந்துவிட்டார். வரிசையில் இருந்த எல்லா வண்டிக்காரர்களும் கண்ணாடியை இறக்கினார்கள்.

“என் தம்பி குதிரையை வித்து ரப்பர் வாங்கினியாமே?”

“ஆமா மாமா. வாங்கினேன். பாக்கறீங்களா?”

“ஏன், பழசு போட்டு ஓட்டினா ஆகாதா? அவன் ஓட்டலையா?”

“ஓட்டினாரு. அதுலதான் நான் ஏழு பேரோட சுத்தினேன்.”

“யாரும் சாகலையே!”

“சாகலை மாமா. செத்திருந்தா வர்ற டிசம்பர்ல ஏழு வீட்டுல குதிரை அறுப்பாங்க. நீங்களும் போய் ஏழு நாளு சாப்பிடலாம்.”

எர்கெஷ் வாயைப் பொத்திக்கொண்டான். மாம்பெத் கைத்தடியால் புது டயரை ஒரு தட்டுத் தட்டினார்.

“தட்டுல இதை அறுத்து வைப்பியா? ஊரு காறித் துப்பும்.”

“துப்பட்டும். ஒரே நாள்ல தின்னு ஏப்பம் விட்டுட்டுப் போவாங்க, மறுநாள் மறந்துடுவாங்க. இது நாலு குளிர்காலம் ஓடும். உங்க தம்பி பேரைச் சொல்லி நாலு வருஷம் ஜனங்க உயிரோட வீடு போய்ச் சேருவாங்க. எது பெரிய காரியம்? நீங்களே சொல்லுங்க.”

அவர் போகும்போது திரும்பி நின்றார். “எங்க வீட்டுலேர்ந்து ஒரு ஈ காக்கா வராது. உன் தலைக்கு வெள்ளையை யாரு கட்டறாங்கன்னு பாக்கறேன்.”

எதற்கும் சுடச்சுடப் பதில் வைத்திருக்கிறவள், பயணிகளை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். மலையில் புது டயர்கள் பனிச்சாலையைக் கவ்விக்கொண்டு போயின. எனக்கு முதல் முறையாகக் கணவாயில் தூக்கம் வந்தது. கொச்கோர் தேநீர்க் கடையில் கோப்பையைப் பார்த்தபடி, “நெசமாவே வராம இருந்துடுவாங்களா?” என்று கேட்டாள். வருவார்கள் என்று நான் பொய் சொன்னேன். அது பொய் என்று அவளுக்கும் தெரியும்.

விருந்து நாளன்று மூன்று ஆடும் வெந்தன. தட்டுத் தட்டாய் மாவுருண்டை பொரித்துச் சாப்பாட்டு விரிப்பில் கொட்டியிருந்தார்கள். நிலையத்தின் பதினொரு வண்டிக்காரர்களும் பெண்டாட்டிகளோடு வந்திருந்தார்கள். எர்கெஷ் தன் வண்டியிலேயே தண்ணீர் கொண்டுவந்து இறக்கினான். பயணிகள் இருபது பேருக்கு மேல். ஓதி முடித்தாயிற்று. அத்பாஷியிலிருந்து ஒருவரும் வரவில்லை. விரிப்பின் தலைமாட்டில், கதவைப் பார்த்த மரியாதை இடத்தில், மூத்தார் மாம்பெத்துக்கென்று மெத்தை போட்டு, அதற்கு நேரே மூத்தவருக்குரிய இடுப்பெலும்புத் துண்டைத் தட்டில் வைத்திருந்தார்கள். இடம் காலியாகவே இருந்தது. யாரும் கறியில் கைவைக்கவில்லை. பெரியவர் பங்கு பிரிக்காமல் மற்றவர் தொடக் கூடாது.

ஒரு தட்டில் வெள்ளை முக்காடு மடித்து வைத்திருந்தது. வண்டிக்காரர்களின் மனைவிமார் அதைப் பார்ப்பதும் ஒருவரையொருவர் பார்ப்பதுமாக இருந்தார்கள். அந்த உரிமை அவர்களுக்குக் கிடையாது. கறியில் ஆவி அடங்கிக்கொண்டு வந்தது. எனக்கு மாம்பெத் மேல் ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. நான் எழவில்லை.

உம்சுனாய் கதவை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு அத்தனை பேர் நடுவிலும் நின்று கறுப்பு முடிச்சைத் தானே அவிழ்த்தாள். ஒரு வருடத்தில் அவள் தலை முழுக்க நரைத்துப்போயிருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. யாரோ ஒரு பெண் “ஐயோ அக்கா” என்றாள். உம்சுனாய் வெள்ளையை உதறி, தலையில் போட்டு, பின்கழுத்தில் இரண்டு முடிச்சாக இறுக்கிக் கட்டினாள். விரிப்பைச் சுற்றி நடந்து போய், மூத்தாருக்குப் போட்டிருந்த மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இடுப்பெலும்புத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

“கத்தி எங்கே?” என்று கையை நீட்டினாள்.