துப்பாக்கிக் குழலில் அரைப்பிடி அரிசி

எங்கள் ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது, ஜில்லாதான் மாறியது. நாகலாபுரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். எல்லை பிரித்தபோது செங்கல்பட்டு ஜில்லாவை விட்டு ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவுக்குப் போனது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. மாடு அதே கொட்டகையில்தான் நின்றது, கிணற்றுத் தண்ணீர் அதே உப்புதான் கரித்தது.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு கவலை வந்தது. அவரிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. குழலின் வாய் வழியாக மருந்து கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடி நாரை வைத்து, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டிய ரகம். அதன் லைசென்ஸில் செங்கல்பட்டு முத்திரை இருந்தது. அதே வருஷம் நாங்கள் ஊரையும் மாற்ற வேண்டி வந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் எங்களுக்கு வந்த துண்டு நிலத்தை விற்று, ஜில்லாவின் அந்தக் கோடியில், ராமகுப்பத்துப் பக்கம், காட்டை ஒட்டி நிலம் வாங்கியிருந்தோம். என் கழுத்திலும் காதிலும் இருந்ததெல்லாம் அந்த நிலத்தில்தான் இருந்தது. விற்றவர் ஏன் விற்றார் என்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது. கேழ்வரகு பால் பிடித்தால் போதும், காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கிவிடுமாம். துப்பாக்கி இல்லாவிட்டால் அந்த நிலத்தைப் பன்றிக்கே எழுதிக் கொடுத்துவிடலாம்.

சித்தூர் கலெக்டர் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்: போகும் வழியில் துப்பாக்கியைச் சித்தூர் போலீஸ் ஸ்டேஷனில் காட்ட வேண்டும், மருந்து கெட்டிக்காமல் காலியாகக் கொண்டுவர வேண்டும், சரியாக இருந்தால் லைசென்ஸில் ராமகுப்பம் விலாசம் ஏறும். கெட்டித்த துப்பாக்கியோடு வண்டியில் வந்தால் கேஸ், துப்பாக்கியும் போய்விடும்.

அவர் மூட்டை கட்டியதைப் பார்க்க வேண்டும். வீட்டுச் சாமான் பூராவையும் என் தலையில் கட்டிவிட்டு, இரண்டு நாள் அந்தத் துப்பாக்கியோடேயே குடும்பம் நடத்தினார். கொல்லையில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டுக் காலி செய்தார். வெந்நீர் விட்டுக் குழலைக் கழுவினார், காயவைத்தார், எண்ணெய்த் துணி விட்டு இழுத்தார். தூசி போகாமல் வாயில் ஒரு துணித் தக்கையை வைத்தார். மருந்து இருந்த மாட்டுக்கொம்பை மெழுகால் அடைத்து, பழைய துணியில் சுற்றி, தனியாக ஒரு மரப்பெட்டியில் வைத்தார். ரவை ஒரு டப்பாவில். மருந்தைப் பற்றவைக்கிற, பொட்டு வைத்தாற்போல இருக்கும் கேப்புகள் வெற்றிலைப் பெட்டியில், மருந்துக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது என்று லாரியின் வேறு மூலையில். என் மண்ணெண்ணெய் அடுப்பை மருந்துப் பெட்டிக்கு எட்டாத தூரத்தில் வைக்க மூன்று முறை இறக்கி ஏற்றினார்.

"அடுப்பு பத்தவெச்சிக்கினா போறேன்?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாதுமே, நீ சும்மா இரு" என்றார்.

நான் சும்மா இருக்கிற ஜாதியா? எனக்கும் என் முறைகள் இருந்தன. புது வீட்டுக்குப் போகும்போது எந்தப் பாத்திரமும் வெறுமையாகப் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். குடத்தில் கொஞ்சம் தண்ணீர், அண்டாவில் ஒரு படி நெல், டப்பாவில் உப்பு, ஒன்றுமில்லாவிட்டால் மஞ்சள் தடவின நாலு அரிசி. காலையில் அவர் லாரிக்காரரோடு கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு பாத்திரமாக அரிசி போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் சுவரில் சாய்ந்திருந்த துப்பாக்கி கண்ணில் பட்டது. அதுவும் வாய் உள்ள பண்டம்தானே? நாங்கள் பிழைப்பதே இனி இதை நம்பித்தான், இதைப் போய் வெறுமையாகக் கொண்டுபோவதா என்று மனசு கேட்கவில்லை. தக்கையை எடுத்துவிட்டு, நெய்யில் பிசறின மஞ்சள் அரிசி அரைப்பிடி போட்டேன். சிந்தாமல் இருக்க வேண்டுமே. அவர் செய்வதைப் பார்த்திருந்தேன் அல்லவா, அதே மாதிரி தேங்காய் நாரைத் திணித்துக் கம்பியால் நாலு இடி இடித்துத் தக்கையை மூடினேன். சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

லாரிக்காரர் பாவம். மருந்துப் பெட்டி இருப்பதால் பீடி பிடிக்கக்கூடாது என்று என் வீட்டுக்காரர் உத்தரவு போட்டுவிட்டார். புத்தூர் தாண்டுவதற்குள் அந்த மனிதர் வெற்றுப் பீடியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு வந்தார். திருப்பதியில் அலிபிரிக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன். துப்பாக்கியை விட்டு அவர் இறங்க முடியாது. மடியில் அதை வைத்துக்கொண்டு, லாரிக்குள்ளிருந்தே மலையைப் பார்த்துக் கும்பிட்டார். நான் போய்ச் சூடம் ஏற்றி, லைசென்ஸ் நல்லபடியாகக் கைக்கு வந்தால் இரண்டு பேரும் நடந்தே மலை ஏறுகிறோம் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டவள் நான், அது கிடைக்காமல் போகக் குழி தோண்டி வைத்தவளும் நான்தான். அப்போது அது எனக்குத் தெரியாது.

சித்தூர் ஸ்டேஷனில் ஒரு ஹெட் கான்ஸ்டபிள் இருந்தார். நரைத்த மீசை, தெலுங்குக்காரர், எங்களுக்காகத் தமிழில் பேசினார். லைசென்ஸைப் படித்தார், துப்பாக்கியில் வெட்டியிருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்தார்.

"காலியா?"

"காலிங்க. நேத்து நானே வெடிச்சுக் கழுவினேன்" என்றார் இவர்.

ஹெட் கான்ஸ்டபிள் தக்கையை எடுத்தார். இடிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டார். காலிக் குழலென்றால் கம்பி அடிவரை போய் 'டங்'கென்று இரும்பில் இடிக்கும், மேலே கைப்பிடி மட்டும் தெரியும். அந்தச் சத்தம் வரவில்லை. மெத்தென்று எதிலோ முட்டி, கம்பி நாலு விரல் உயரம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மருந்து கெட்டித்த துப்பாக்கியில் கம்பி எப்படி நிற்குமோ அப்படி.

அது நான் இடித்த அரிசி. அவர் செய்த மாதிரியே செய்தேன் என்று காலையில் எனக்கு எவ்வளவு பெருமை!

ஹெட் கான்ஸ்டபிளின் தமிழ் போய்விட்டது. "ஏமய்யா இதி? எவரு நிம்பாரு?" யார் கெட்டித்தது என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் கம்பியைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. ஒரு கணம்கூட ஆகியிருக்காது, ஹெட் கான்ஸ்டபிள் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"நான்தாங்க."

தன் கையால் கழுவித் துடைத்த துப்பாக்கி அது. உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது அவருக்கு. ஹெட் கான்ஸ்டபிள் பேனாவை எடுத்துத் திறந்தும் விட்டார். எங்கிருந்து எனக்குக் குரல் வந்ததோ, "அவரு இல்லைங்க, நான்தான் போட்டேன். அரிசி" என்று கத்தினேன்.

"அரிசியா?"

"புது வூட்டுக்குக் காலியா எடுத்துக்கினு போவக்கூடாதுன்னு, மஞ்சா அரிசி போட்டேங்க."

"துப்பாக்கில எவராவது அரிசி போடுவாங்களா அம்மா? புருஷனைக் காப்பாத்தப் பொய் சொல்லாதே."

கம்பி நுனியில் திருகு மாட்டி, கெட்டித்ததை வெளியே இழுக்கப் பார்த்தார்கள். முதலில் வந்தது என்ன? தேங்காய் நார். மருந்துக்கு மேலே வைக்கிற அதே நார். ஹெட் கான்ஸ்டபிள் என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். உள்ளே மருந்து இருந்தால் திருகை மேலும் விடுவது ஆபத்து என்று, குழல் நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கச் சொன்னார். மருந்தாக இருந்தால் நனைந்து சாகட்டும், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றார்.

ஸ்டேஷன் வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெளியே லாரிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். திட்டினாலாவது தேவலாம் என்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெல்லக் கேட்டார்.

"நெசமா அரிசிதானா?"

"சத்தியமா."

"எவ்ளோ?"

"அரைப்பிடி."

அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறார் என்று பயந்துவிட்டேன். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

அரிசி ஊறி உப்பிக் குழலை அடைத்துக்கொண்டுவிட்டது. கவிழ்த்தால் வரவில்லை. திருகை விட்டுத் திருகித் திருகி இழுத்தார்கள். மஞ்சள் மஞ்சளாக, பொங்கல் பதத்தில், மேஜை மேல் விழுந்தது. ஹெட் கான்ஸ்டபிள் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினார், முகர்ந்து பார்த்தார். நெய் வாசனை வந்திருக்கும். கடைசியில் கம்பியை விட்டார். 'டங்'கென்றது. அந்தச் சத்தம் கேட்டதும் அங்கேயே விழுந்து கும்பிடலாம் போல இருந்தது எனக்கு.

அந்த மனிதர் நினைத்திருந்தால் எங்களை அலைக்கழித்திருக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கத்து முத்திரை, குழலுக்குள் நார், நான்தான் என்று புருஷன் வாயாலேயே சொன்னது, எல்லாமே அவர் கையில் இருந்தது. அவர் செய்தது என்னவென்றால், குழலை எண்ணெய்த் துணியால் துடைத்துக் கொடுக்கச் சொன்னார், இல்லாவிட்டால் துரு ஏறிவிடும் என்று. லைசென்ஸில் தெலுங்கில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். "என்னங்க எழுதியிருக்கீங்க?" என்று இவர் கேட்டதற்கு, "பார்த்தேன், காலின்னு எழுதியிருக்கேன். அரிசிக்கு லைசென்ஸ் வேணாம்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அம்மா, காலியா போகக்கூடாதுன்னா, இதைக் குழல் மேலே செருகிக்கோ" என்று தன் பொட்டலத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் கொடுத்தார். அவரைப் பிறகு நான் பார்க்கவேயில்லை. அவர் பிள்ளைகுட்டிகள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

லைசென்ஸில் ராமகுப்பம் விலாசமும் ஏறியது, நிலமும் எங்களைக் கைவிடவில்லை. அடுத்த வருஷம் கேழ்வரகு அறுத்ததும் அலிபிரியிலிருந்து நடந்தே மலை ஏறினோம். வழியில் படியில் உட்கார்ந்தபோது கேட்டேன், உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாமல் எப்படி நான்தான் என்று சொன்னீர்கள் என்று.

"உன் மூஞ்சியப் பாத்தேன். இன்னாத்தையோ நீ போட்டுட்டன்னு தெரிஞ்சிச்சு. மருந்தாவே இருந்தாலும் சரின்னு சொல்லிட்டேன்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை, ஒரு நாளும் குத்திக்காட்டியதுமில்லை.

அவர் போன பிறகு துப்பாக்கியை ஒப்படைக்க நான்தான் சித்தூருக்கு எடுத்துப்போனேன். அதே ஸ்டேஷன், பேரன் வயசில் ஒரு கான்ஸ்டபிள்.

"காலியா பாட்டி?"

"காலிதான்."

கம்பியை விட்டான். அடிவரை போய் 'டங்'கென்றது. நான் என்னையறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். கம்பி பாதியில் நின்றிருந்தால், நான்தான் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு பஸ்ஸுக்கு வந்தேன்.