எந்தூரு என்று கேட்காதீர்கள்

வேலை தெரிந்தவர்களை உட்கார வைத்து, வேலை தெரியாத ஒருவர் நின்றுகொண்டு சொல்லிக்கொடுக்கும் தொழிலுக்குப் பயிற்சி அதிகாரி என்று பெயர். தேனியில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் ஆறு வருடம் அந்தத் தொழிலைப் பார்த்தேன். ஊரில் செல்போன் வைத்திருந்தவர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்த காலம். தலைமை அலுவலகம் சென்னையில். அங்கிருந்து எண்பது பக்கத்தில் ஒரு கையேடு வரும். காலை எட்டரைக்கு, கடை திறக்கும் முன், வாஷிங் மெஷின்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு அதை நான் வாசிப்பேன். பாதி இட்லியோடு எழுந்து, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்த பன்னிரண்டு பேர் கேட்பார்கள்.

இப்படி ஒரு வகுப்பில் மாட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமலே கொட்டாவி விடப் பழகிய சக தியாகிகளே, எதிரே நின்று பேசியவனும் உங்களைப்போல மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆறுதலோடு மேலே படியுங்கள்.

பல் தெரியச் சிரிக்கவும்

கையேட்டின் முதல் பாடம் புன்னகை. வாடிக்கையாளர் வாசல் மிதியடியில் கால் வைத்ததும் மேல்வரிசைப் பல் தெரியும்படி சிரிக்க வேண்டும். ஒருவர் விடாமல் ஷோகேஸ் கண்ணாடி முன்னால் நிறுத்தி ஒரு வாரம் பழக்கினேன். சரக்கு இறக்கும் கருப்பசாமி மட்டும், "எனக்கு வெத்தலப் பல்லு சார், வேணாம்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக ஒரு பெரியவர் துணிப்பையோடு உள்ளே வந்தார். அத்தனை பேரும் ஒரே நொடியில் சிரித்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் எங்களை வரிசையாக ஒருமுறை பார்த்தார். பிறகு பையிலிருந்து கருகிப்போன மிக்ஸி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஏம்ப்பா, மிக்ஸி எரிஞ்சு போச்சேன்னு தூக்கிட்டு வாரேன், மொத்தக் கடையும் பல்லக் காட்டுறீக. நான் வாரேன்னு முந்தியே சொல்லி வச்சிருந்தாகளா?"

பன்னிரண்டு சாட்சி

அடுத்த பாடம் நடித்துப் பழகுவது. ஒருவர் விற்பனையாளர், ஒருவர் வாடிக்கையாளர். பேரம் பேசுகிறவரை எப்படிச் சமாளிப்பது என்று எங்கள் மேனேஜர் பாண்டியராஜனே நடித்துக் காட்ட முன்வந்தார். வாடிக்கையாளராக நடிக்க ஒருவரும் எழவில்லை. கடைசியில் கருப்பசாமியைத் தள்ளிவிட்டார்கள்.

கருப்பசாமி வெளியே போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புது ஆளாக உள்ளே வந்தார். வாஷிங் மெஷினைத் தட்டிப் பார்த்து, "தகரம்" என்றார். எதிர்க்கடையில் இதைவிடக் குறைவு என்றார். இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பினார். அத்தனை பேர் பார்க்க ஆளை விட்டுவிடக் கூடாது என்ற வேகத்தில் மேனேஜர் இறங்கி இறங்கி, கடைக்கே கட்டுப்படியாகாத ஒரு விலையில் வந்து நின்றார். "வாடிக்கையாளரைத் தக்கவைத்தார்" என்று நான் நோட்டில் எழுதினேன். கைதட்டல் வேறு.

மூன்றாம் நாள் கருப்பசாமி தன் மச்சினனைக் கூட்டிக்கொண்டு, இந்தத் தடவை நிஜமாகவே வாடிக்கையாளராக வந்தார்.

"அன்னைக்குச் சொன்ன வெலைதான சார்? வெளாட்டுக்குன்னு நீங்க எங்கனயும் எழுதிப் போடலயே. பன்னெண்டு பேரு சாட்சி இருக்கோம்."

கடை கை மாறிவிட்டதா?

இனி ஜெசிந்தா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரைண்டர், மிக்ஸி பகுதி அவருடையது. வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். கடையிலேயே அதிகம் விற்றவர் அவர்தான், கையேட்டின்படி மிக மோசமான பணியாளரும் அவர்தான். காரணம், இருபத்திரண்டாம் பக்கம்: வாடிக்கையாளரிடம் சொந்த விஷயம் எதையும் கேட்கக் கூடாது. அக்காவோ ஆளைப் பார்த்ததும், "வாங்கண்ணே, எந்தூரு?" என்றுதான் ஆரம்பிப்பார். அடுத்தது எந்தத் தெரு, வீட்டில் எத்தனை பேர், மருமகள் வேலைக்குப் போகிறாளா.

இது விளையாட்டு விஷயமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமை அலுவலகம் ஒரு ஆளை மாறுவேடத்தில் அனுப்பும். வாங்க வந்தவரைப் போலப் பேசிவிட்டுப் போய் மதிப்பெண் போடுவார். மூன்று முறை தொடர்ந்து தவறினால் சீட்டுக் கிழியும். அக்கா இரண்டு முறை தவறியாயிற்று. அவருடைய மூத்த மகள் திண்டுக்கல்லில் நர்சிங் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தச் சம்பளம் நின்றால் அந்தப் படிப்பும் நிற்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தூக்கம் கெட்டது.

தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தூருன்னு கேட்டாத்தான சார் அங்கன கரண்டு எப்பிடி வரும்னு தெரியும்? எத்தன பேருன்னு கேக்காம எத்தன லிட்டரு கிரைண்டரக் குடுக்க?" என்றார். பதில் இல்லாத இடத்தில் பயிற்சி அதிகாரி என்ன செய்வாரோ அதையே செய்தேன். இருபத்திரண்டாம் பக்கத்தை இன்னொரு முறை வாசித்தேன்.

பாவம், அக்கா முயன்று பார்த்தார். மறுநாள் ஜெயமங்கலத்துக்காரர் ஒருவர் வந்தார். மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் அக்காவிடமே வாங்கியவர். நான் பக்கத்தில் நின்றேன். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு, "வணக்கம். இன்று உங்களுக்கு நான் எவ்வாறு உதவ முடியும்?" என்று ஒப்பித்தார். வந்தவர் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"ஏன் தாயி, கடைய வேற ஆளுக்கு வித்துப்புட்டாகளா?"

மார்க்கையன்கோட்டைக்காரர்

ஒரு வியாழக்கிழமை மதியம் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். கால் வைத்ததுமே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குச் சுரீர் என்றது. எத்தனை நொடியில் வரவேற்றார்கள் என்று குறிக்க மாறுவேட ஆட்களின் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. நான் டிவி பெட்டிகளின் பின்னால் நின்று ஜெசிந்தா அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். புருவத்தைத் தூக்கினேன். விரலால் இருபத்திரண்டு என்று காட்டப் பார்த்து விரல் போதவில்லை. அக்கா என்னைப் பார்த்தார், அந்த ஆளைப் பார்த்தார், வாயைத் திறந்தார்.

"வாங்க தம்பி, எந்தூரு?"

"மார்க்கையன்கோட்டை" என்றார் அவர். வழியில் பஸ் போர்டில் படித்திருக்க வேண்டும். அக்காவின் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. எந்தத் தெரு என்றார் அக்கா. மெயின் ரோடு என்றார் அவர். மெயின் ரோட்டில் யார் வீடு என்றார் அக்கா. அவர் கைக்குட்டையை எடுத்தார். நான் கேள்விகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவதில் எண்ணுவதை நிறுத்திவிட்டு, அக்காவின் மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அக்கா ஊரை விட்டுவிட்டார். "சாப்பிட்டீகளா?" என்று கேட்டு, ஸ்டூலில் உட்கார வைத்து, டீ வரவழைத்தார். வீட்டில் மாவு யார் அரைக்கிறது என்று கேட்டார். டீயை ஊதிக்கொண்டே அந்த மனிதர் உண்மை பேசத் தொடங்கினார். இரண்டாவது மாடி. பழைய பெரிய கிரைண்டர். அதன் கல்லைத் தூக்கித் தூக்கி மனைவிக்கு இடுப்பு வலி. மூன்று வருடமாகச் சின்னதாக ஒன்று கேட்கிறாள், இவருக்குத்தான் ஊர் ஊராகச் சுற்றவே நேரம் சரியாக இருக்கிறது. பெரிய கிரைண்டர் ஒன்றை அவர் கை காட்டியபோது அக்கா தடுத்தார். கல்லைத் தூக்காமலே சாய்த்து வழிக்கிற இரண்டு லிட்டர் கிரைண்டரை எடுத்து வைத்து, அவரையே சாய்க்கச் சொல்லிப் பழக்கினார். அந்த மனிதர் சொந்தப் பணத்தை எடுத்து நீட்டினார்! சென்னையில் எங்களுக்கு ஏழு கிளைகள் இருக்க, தேனியிலிருந்து ஒரு கிரைண்டர் பஸ் ஏறத் தயாரானது. பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, இந்த மார்க்கையன்கோட்டை உண்மையில எந்தப் பக்கம் இருக்கு?"

மதிப்பெண்

பத்து நாளில் அறிக்கை வந்தது. வரவேற்பு வாசகம்: பூஜ்யம். சொந்தக் கேள்விகள்: பதினொன்று. கூட்டினால் தவறியாயிற்று, மூன்றாவது முறை. ஆனால் கடைசிப் பக்கத்தில் கிரைண்டர் பில்லின் நகலை அவரே ஒட்டி, "மனைவிக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது" என்று எழுதியிருந்தார். மேனேஜரும் நானும் போன்முன் கைகட்டி நின்றோம். மறுமுனையில் பொது மேலாளர் அந்தக் கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டினார். பிறகு, "வாங்க வராத ஆளுக்கே வித்த அம்மாவை எந்தப் பக்கத்தைக் காட்டி அனுப்பறது, நீங்களே சொல்லுங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை மறைப்பானேன். அடுத்த மாதத்திலிருந்து காலை வகுப்பை ஜெசிந்தா அக்காவே எடுக்க வேண்டும் என்று கடிதமும் வந்தது.

விஷயத்தைச் சொன்னபோது அவர் மிக்ஸி ஜாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, அவர் பரீட்சைக்கு வந்தவர்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கு ஒழுங்கா வணக்கம் சொல்லியிருப்பீங்கதானே?" என்றேன்.

"வந்ததுமே தெரியும் சார். பொருளு வாங்க வாரவக யாரு கடைக்குள்ள வந்ததும் வாட்ச்சப் பாப்பாக? வணக்கம் சொல்லத்தான் வாயெடுத்தேன், மகளும் ஞாபகத்துக்கு வந்தா. ஆனா அவரு மூஞ்சி பசியில கெடந்துச்சு. பரீட்சைக்கு வந்தவருன்னா அவருக்கு வீடு வாசல் இல்லாமப் போயிருமா?"

ஆக, ஆறு வருடம் நான் நடத்திய அந்த வகுப்புகளில் உருப்படியாகத் தேறியவர் ஒரே ஒருவர்தான், பதிவேட்டில் அவர் பெயர் 'பயிற்சி அளித்தவர்' என்ற கட்டத்தில் இருக்கிறது.