வெரோனிகாவின் வாயுக் குழி

வெரோனிகா தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டுச் சாணியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். லாலாங் புல்லின் தண்டு விரலில் சிக்கினால் எடுத்து எறிவாள். அது உள்ளே போனால் மேலே மிதந்து ஏடு கட்டிவிடும். ஒரு வாளிச் சாணிக்கு ஒரு வாளித் தண்ணீர். கரைத்ததை வாய்க்காலில் தள்ளும்போதே கண் குழியின் மேல் கவிழ்த்திருந்த இரும்புப் பீப்பாய்க்குப் போகும். உள்ளே வாயு சேர்ந்து அது விரற்கடை உயர்ந்திருந்தால்தான் அவளுக்கு அடுத்த வேலை ஓடும்.

1934ஆம் ஆண்டு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அவளுக்கு ஐந்து மாடுகள் இருந்தன. கணவர் இருதயம் ரயில்வே பட்டறையில் கொதிகலன் வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு மூன்று பெண் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது அந்த ஐந்து மாடுகள்தான். நான் அடுத்த வரிசையில் குடியிருந்த மருத்துவத் தாதி.

அந்த வருடம் சுகாதார அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. சாணிக் குவியலில் ஈ மொய்க்கிறது. குவியல் ஒழிய வேண்டும், பால் பாத்திரங்களைத் தினமும் கொதிநீரில் கழுவ வேண்டும். இல்லையென்றால் மாத முடிவுக்குள் மாடுகளை நகர எல்லைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். வெளியே போனால் காலை ஆறு மணிக்குப் பால் வீடு வந்து சேராது. வாடிக்கை வேறு ஆளிடம் போய்விடும்.

உத்தரவு வருவதற்கு முன்பே குழி இருந்தது. எனக்குத் தாதிப் பயிற்சி கொடுத்த கன்னியாஸ்திரி ஒருவர் பம்பாயில் இருந்தவர். அங்கே ஒரு தொழுநோய் இல்லத்தில் கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கு எரித்ததாகச் சொல்வார். அதைப் பேச்சுவாக்கில் ஒருநாள் சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு வெரோனிகா என்னை உட்காரவிடவில்லை. கணவரின் பட்டறைக் கூட்டாளி அம்புரோஸிடம் பீப்பாய் செய்து வாங்கினாள், தானே குழி வெட்டிச் செங்கல் கட்டினாள். அக்கம்பக்கத்தார் அவளுக்குச் சாணியெண்ணெய்க்காரி என்று பேர் வைத்தார்கள். இருபத்தைந்தாம் நாள் ரப்பர் குழாயின் முனையில் நீலத் தீ எரிந்தபோது அவர்களே வெந்நீர் கேட்டு வாளியோடு வந்தார்கள். தொழுவத்தில் ஒரு விளக்கும் எரிந்தது.

சாணி குழிக்குள் போகிறது, பாத்திரம் கழுவ வெந்நீரும் அந்த வாயுவிலேயே கிடைக்கிறது. ஆகவே உத்தரவுக்கு அவள் பயப்படவில்லை. வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வரட்டும், தீயைக் காட்டுகிறேன் என்றாள். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. தொழுவம் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும், என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டாள். பினாயில் ஊற்று என்றேன். ஒரு டின்னும் கொடுத்தேன். திங்கள் முதல் காலையும் மாலையும் தரையில் ஊற்றித் தேய்த்தாள். மாட்டு மூத்திரமும் கழுவிய தண்ணீரும் அதே வாய்க்காலில் குழிக்குத்தான் போயின.

செவ்வாயன்று பீப்பாய் உயரவில்லை. புதன்கிழமை இறங்கியது. சோப்பு நுரை பூசிக் குழாயில் ஓட்டை தேடினாள், கிடைக்கவில்லை. சாணி போதவில்லையோ என்று இரண்டு பங்கு கரைத்து ஊற்றினாள். அன்று அவள் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

வியாழன் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் கார்த்திகேசு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர். தரையைப் பார்த்து நல்ல சுத்தம் என்றார். பிறகு ரப்பர் குழாய் போய்ச் சேர்ந்த அடுப்பருகே குனிந்தார்.

"எங்கே அம்மா, நெருப்பைக் காட்டுங்கோ."

வெரோனிகா நான்கு தீக்குச்சி கிழித்தாள். நான்கும் அவள் விரல்வரை எரிந்து அணைந்தன.

"போன வாரம் எரிஞ்சுது சார். இந்தக் குவார்ட்டர்ஸே பார்த்துச்சு."

"நான் பார்க்கவில்லையே" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். மாத முடிவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதற்குள் எரிந்தால் வந்து பார்ப்பதாகவும், எரியாவிட்டால் குழியும் ஒரு சாணிக் குவியல்தான், மாடுகள் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

அவள் அழவில்லை. வாய்க்காலோரம் போய்க் குனிந்து மோந்து பார்த்தாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"பினாயில் என்னக்கா செய்யும்?"

"கிருமியைக் கொல்லும்."

"குழிக்குள்ள உயிரோட என்ன இருக்கு?"

இருபது வருடமாகக் கிருமியைக் கொல்வதே என் வேலை. ஒரு கிருமி நமக்காக உழைக்கும் என்று யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதைக் கேட்க அவளுக்கு நேரமில்லை.

"கொதிக்கிற பால்ல உறை ஊத்துன கதை. உறை செத்துப்போச்சு" என்றாள். புதுச் சாணியில் தானாக உறைய இருபத்தைந்து நாள், இருப்பது பதினெட்டு. முற்றத்தில் மேலும் கீழும் நடந்தாள். சாணியில் அந்த உயிர் எங்கிருந்து வருகிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மாட்டின் வயிற்றிலிருந்துதானே என்று தானே சொன்னாள். அப்படியானால் கெட்டி உறை அங்கேதான் இருக்கும்.

மறுநாள் காலை பாலை ஊற்றிவிட்டு வந்ததும் பீப்பாயைத் தூக்கிக் குழியை இறைத்தோம். அறுபத்திரண்டு டின். சுவரைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை கழுவினோம். பிறகு வெரோனிகா காவடித் தடியில் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களை மாட்டிக்கொண்டு மாடு வெட்டும் கொட்டகைக்குப் போனாள். பால்காரிக்கு இங்கே என்ன வேலை என்று வெட்டுகிறவர்கள் சிரித்தார்களாம். மாட்டு வயிற்றிலிருந்து எடுத்த, பாதி செரித்த சூடான புல்லைத் தகரம் நிறைய வாங்கி, ஆறிப்போகாமல் சாக்கைப் போர்த்திச் சுமந்து வந்தாள். முதலில் அதைக் குழியில் ஊற்றினாள். அதன்மேல் ஐந்து மாட்டுச் சாணியையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து விட்டோம். பதினொரு மணிக்குப் பீப்பாயைக் கவிழ்த்து இறக்கினோம். பீப்பாயில் நீர்மட்டத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு கிழித்தாள். கோடு நீருக்கு மேலே ஏறினால் உறை பிடித்துவிட்டது என்று அர்த்தம்; இன்னும் பதினேழு நாள் இருந்தது. அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.