என்.பி. என்றால் நோ ப்ராப்ளம்

முதலில் என் முட்டாள்தனத்தை அறிக்கையிட்டுவிடுகிறேன். இருபது வருடமாக அமெரிக்காவில் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறேன். ஆனால் ஒரு கிளினிக் அனுப்பிய ஒரு வரி மெசேஜை ஒழுங்காகப் படிக்கத் தெரியவில்லை. அந்தத் தப்பைத்தான் ஆண்டவர் எடுத்துப் பயன்படுத்தினார்.

வீடு எடிசனில், ஆபீஸ் பார்சிப்பனியில். போன வருடம் குளிர் ஆரம்பித்த சமயம், காலையில் ஃப்ரீவேயில் ஒரு பெரிய லாரி என்னை ஒட்டி வந்தது. அவ்வளவுதான். நெஞ்சு படபடவென்று அடித்தது. கை மரத்தது. மூச்சு வரவில்லை. ஓரமாக நிறுத்தி, இன்றோடு சரி என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் ஒன்றுமே இல்லை! கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

மறுவாரமும் வந்தது. அதற்கடுத்த வாரம் இரண்டு தடவை. ஃப்ரீவேயை விட்டுவிட்டுச் சந்து பொந்தெல்லாம் சுற்றி வேலைக்குப் போனேன். "ஏங்க இவ்வளவு லேட்டு?" என்று என் மனைவி செல்வி கேட்டால், "ரோடு வேலை நடக்குதும்மா" என்பேன். சபையில் எல்லாரையும் சிரிக்க வைக்கிறவன் நான். பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது?

காரில் உட்கார்ந்து அழுது ஜெபித்தேன். அது ஜெபமா, ஆபீஸ் ரிக்வயர்மென்ட்டா என்று எனக்கே குழப்பம். "ஆண்டவரே, ஒரு டாக்டரைக் காட்டும். தமிழ் தெரிந்தவராக, வயதானவராக, முக்கியமாக அதிகம் கேள்வி கேட்காதவராக இருக்கட்டும்."

கூப்பிட்ட இடத்திலெல்லாம் புது ஆள் என்றால் மூன்று மாதம், நான்கு மாதம். கடைசியில் ஒரு கிளினிக்கிலிருந்து மெசேஜ்: 'டாக்டர், மார்ச். என்.பி., வியாழன் பத்து மணி.' எங்கள் ஆபீஸ் சாட்டில் என்.பி. என்றால் நோ ப்ராப்ளம். மார்ச்சில்தான் டாக்டர், ஆனால் பரவாயில்லை, வியாழனே வா என்கிறார்கள்! ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனேன்.

அறைக்குள் ஒரு அம்மா பி.பி. பார்க்க வந்தார். சரி, நர்ஸ். என் பெயரைப் பார்த்துவிட்டு, "தமிழோ? சொல்லுங்கோ, என்ன செய்யுது?" என்றார். யாழ்ப்பாணத் தமிழ். டாக்டரிடம் சொல்ல 'வெறும் கேஸ் டிரபிள்' என்று ஒரு வசனம் தயாராக வைத்திருந்தேன். நர்ஸிடம் என்ன கெத்து? லாரி, சந்து பொந்து, ரோடு வேலைப் பொய், காரில் அழுதது எல்லாம் கொட்டிவிட்டேன். அவரும் கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஈ.சி.ஜி. எடுத்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "சரிங்க சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?"

"அண்ணை, வேற ஒருத்தரும் வரமாட்டினம். நான் நர்ஸ் ப்ராக்டிஷனர், மெசேஜில வந்த என்.பி. நான்தான். உங்களைப் பாக்கிறதும் மருந்து எழுதுறதும் நான்தான்."

"இன்னும் ப்ராக்டிஸ்தான் பண்றீங்களா?"

"ஓம், பதினைஞ்சு வருஷமா." சிரித்துவிட்டுச் சொன்னார். "ஈ.சி.ஜி.யில பிழை ஒண்டுமில்லை. இது பயம். பயமும் ஒரு வருத்தம்தான், மாத்தலாம்."

அவர்கள் ஊரில் வருத்தம் என்றால் நோயாம். எனக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தியது.

அன்று சாயங்காலம் செல்வியிடம் மாத்திரையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். நர்ஸ் குழப்பத்தை மட்டும் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாத்திரையோடு வாரம் ஒரு கவுன்சலிங். வசந்தம் வந்தபோது மறுபடி ஃப்ரீவேயில் ஏறினேன். லாரி பக்கத்தில் வந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, ஸ்தோத்திரம் சொல்லி, கடந்து போனேன்.

பிரியமானவர்களே, உங்களிலும் யாராவது சந்து பொந்தில் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஆண்டவரிடம் கேளுங்கள். ரிக்வயர்மென்ட் மட்டும் எழுதாதீர்கள். யாரை அனுப்பினாலும் உட்கார்ந்து உண்மையைச் சொல்லுங்கள்.

இதை முழுவதுமாக எங்கள் சபையார் ஒருவர் வீட்டு ஜெபக்கூட்டத்தில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் கேட்டாள்.

"நர்ஸ்னு நெனச்சு அவங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னீங்க. என்னை யாருன்னு நெனச்சு சொல்லாம இருந்தீங்க?"