டீச்சர், என் மனசுல என்ன இருக்கு சொல்லுங்க

சைக்காலஜி சொல்லித் தருகிறேன் என்றதும் எதிரே இருப்பவர் இரண்டில் ஒன்றைச் செய்வார்: பார்வையைச் சட்டென்று தரைக்குத் திருப்பிக்கொள்வார், இல்லாவிட்டால் தன் மைத்துனரைப் பற்றி ஆரம்பிப்பார். மாட்டுங்காவில் ஒரு ஜூனியர் காலேஜில் பதினொன்றாம் வகுப்புக்கு நான் நடத்துவது வெறும் ஆரம்பப் பாடம். பழக்கம் எப்படி வருகிறது, கூட்டத்தைப் பார்த்தால் நாம் ஏன் பின்னாலேயே போகிறோம், இந்த அளவுதான். ஆனால் மனசைப் படிக்கத் தெரியாது என்றால் ஊர் நம்பினால்தானே? இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

யார் எழுந்திருப்பாள்?

சான்பாடாவில் எங்கள் பக்கத்து பில்டிங் கோமதி மாமியும் நானும் காலையில் ஒரே ரயில். மாமிக்கு முழங்கால் வலி. அன்றைக்கு லேடீஸ் பெட்டியில் நிற்கவே இடமில்லை. "நீதான் மனுஷாளைப் படிக்கறவளாச்சே, இதுல யார் சீக்கிரம் இறங்குவான்னு சொல்லேன்" என்றார். நான் ஒரு நோட்டம் விட்டேன். ஒருத்தி போனைப் பையில் போட்டாள், துப்பட்டாவை இழுத்துச் செருகினாள், வாசலை இரண்டு தடவை பார்த்தாள். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? "இவ அடுத்த ஸ்டேஷன் மாமி" என்றேன். மாமி போய் அவள் எதிரே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

அவளோ பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்து நிதானமாக அவல் போஹா சாப்பிட ஆரம்பித்தாள். மூலையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தி மான்கூர்டில் துள்ளி எழுந்து இறங்கிப் போனாள். அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. குர்லாவில் நான் கைத்தாங்கலாக இறக்கிவிட்டபோது மாமி சொன்னார்: "நீ படிக்காதவளா இருந்தா நானே பார்த்து உட்கார்ந்திருப்பேன், படிச்சவளைக் கேட்டது என் தப்பு."

கூரையில் ஒரு பட்டாம்பூச்சி

மைக்கறைப் படத்தைக் காட்டி, அதில் என்ன தெரிகிறது என்று கேட்கும் சோதனை ஒன்று உண்டு. காலேஜ் வாங்கித் தருவதாகச் சொன்ன அட்டைகள் வரவில்லை. மழை மட்டும் வந்தது. வகுப்பறைக் கூரையில் ஒழுகி ஒழுகி அருமையான கறை ஒன்று உண்டாகியிருந்தது. செலவில்லாமல் கிடைத்ததை விடுவானேன் என்று, "மேலே பாருங்கள், என்ன தெரிகிறது?" என்றேன். பட்டாம்பூச்சி என்றது ஒரு பெண். சண்டை போடும் இரண்டு ஆட்டோக்காரர்கள் என்றான் ஒருவன். தன் சித்தி என்றான் இன்னொருவன்.

எல்லோரும் அண்ணாந்துகொண்டிருக்கும்போது பிரின்சிபால் ரவுண்ட்ஸ் வந்தார். அவரும் அண்ணாந்தார். வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. "ஒழுகல்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். முன் பெஞ்சு ரோஷ்ணி என்னிடம் கவலையோடு கேட்டாள்: "மேடம், சார் வீட்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

பூட்டின கதவுக்கு முன்னால்

கூட்ட மனப்பான்மை பாடத்துக்கு, ஐந்து பிள்ளைகளை மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு பூட்டிய ஷட்டருக்கு முன்னால் வரிசையாக நிற்கச் சொன்னேன். பேசக் கூடாது, யார் கேட்டாலும் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் எதிரே காபி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். முதலில் ஒரு காய்கறிப் பை சேர்ந்துகொண்டது. பிறகு ஒரு ஹெல்மெட். காபி முடிவதற்குள் வரிசை பூக்கடையைத் தாண்டிவிட்டது. வெள்ளை வேஷ்டி கட்டிய ஒரு மாமா தாமாகவே பொறுப்பேற்று, "லைனை உடைக்காதேங்கோ" என்று ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்.

பூக்காரம்மா, வரிசை கடையை மறைக்கிறது என்று கத்தினாள். போலீஸ் வந்துவிடுமோ என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். ஓடிப் போய் மாமாவிடம், "இங்கே எதுவும் கொடுக்கலை மாமா, இது காலேஜ் பரிசோதனை, எல்லாரும் போகலாம்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்களை அனுப்பிட்டு நீ முன்னாடி போய் நிக்கலாம்னு பார்க்கறியோ? பேசாமப் பின்னாடி போய் நில்லும்மா."

பாராட்டினால் சந்தேகம்

"வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். நல்லதாக ஏதாவது செய்தால் உடனே பாராட்டுங்கள். நடத்தை மாறுகிறதா பாருங்கள்." இது நான் கொடுத்த வீட்டுப்பாடம். அடுத்த வாரம் என் மாணவி முத்துச்செல்வியின் அப்பா காலேஜுக்கே வந்துவிட்டார். தாராவியில் முறுக்கு போட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறவர், பெயர் சுடலைமுத்து. கையில் எண்ணெய் வாசனை, முகத்தில் கலவரம்.

"டீச்சர், இந்தப் பிள்ள போக்கே சரியில்ல. நான் கொடத்துல தண்ணி பிடிச்சு வச்சா, 'ரொம்ப நல்லா பிடிச்சிருக்கீங்கப்பா'ங்கா. அவ அம்மைய ஏசாம சாப்பிட்டு எந்திரிச்சா, 'இன்னைக்கி சந்தோசமா இருந்துச்சிப்பா'ங்கா. பெத்த தகப்பன எந்தப் பிள்ள இப்படிப் பேசும்? எவனோ இருக்கான். படிப்ப நிப்பாட்டி ஊருக்கு அனுப்பிரலாம்னு இருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வகுப்பிலேயே நன்றாக எழுதுகிற பெண் அவள். "ஐயோ அண்ணாச்சி, அது நான் கொடுத்த வீட்டுப்பாடம்!" என்று பாடத்தை முழுக்க விளக்கினேன். அவர் முகம் தெளியவில்லை, இன்னும் வாடிவிட்டது. "அப்ப அவ மனசாரச் சொல்லலையா?" என்றார். நல்லவேளை, கதவோரம் நின்றிருந்த முத்துச்செல்வி மெதுவாகச் சொன்னாள்: "மொத நாளு மட்டுந்தான்ப்பா ஹோம்வொர்க்கு. அப்புறம் சொன்னதெல்லாம் நானாத்தான் சொன்னேன்."

சுடலைமுத்து தோள் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். படிப்பை நிறுத்துவது பற்றி அப்புறம் பேச்சே இல்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்து, மகள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்: "டீச்சர், இந்தப் பாடத்த வருசம் பூரா நடத்துங்க. அப்படியே என் சம்சாரத்தையும் கிளாஸ்ல சேத்துக்கிட முடியுமா?"

இத்தனை வருஷம் மனித நடத்தையைப் பாடமாக நடத்தியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: மனிதர்கள் யாரும் எங்கள் பாடப்புத்தகத்தை இன்னும் படிக்கவில்லை.