முழங்காலுக்கு ஏற்ற வள்ளம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஊரில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். ஜேர்மனியின் ஹம் நகரில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். நீளமாக எதையும் எழுதிப் பழக்கமில்லை. அதிலும் மீன்பிடி வள்ளத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? மீன் பிடிக்கிறவள் என் மனைவி. நான் துடுப்புப் போடுகிறவன் மட்டும். ஆனால் எங்கள் ஆட்களில் மூன்று நான்கு பேர், "எப்பிடி அண்ணை வள்ளம் பாத்து எடுத்தனீங்கள்? நாங்களும் ஒண்டு எடுக்கிற யோசினை" என்று கேட்டுவிட்டார்கள். நாலு பேருக்கு முன்னால் நின்று விளக்கம் சொல்ல எனக்கு வராது. கேட்பவர்களிடம் இதைக் கொடுத்துவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

மனைவி தூண்டில் பிடித்தது நாற்பத்தைந்து வயதில். அவள் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். அங்கே கூட வேலை செய்யும் ஜேர்மன் பெண் ஒருநாள் அவளை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு நின்றாள். இந்த நாட்டில் தூண்டில் போடுவதற்கும் பரீட்சை உண்டு. படத்தைக் காட்டி இது என்ன மீன் என்று கேட்பார்கள். பரப்பி வைத்த சாமான்களில் இருந்து, கேட்கிற மீனுக்குப் பொருத்தமான தடியையும் நூலையும் எடுத்துப் பூட்டிக் காட்டவும் வேண்டும். எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவு மூன்று மாதம் மீன் படங்களால் நிறைந்திருந்தது. அவள் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினாள். கூடவே இருந்து படித்த எனக்குப் பரீட்சை மண்டபத்துக்குப் போகத் துணிவு வரவில்லை. பத்திரம் இல்லாதவன் தூண்டிலைத் தொடக்கூடாது. அதனால் நான் வலை பிடிக்கிறவனாகவும் தேநீர்ப் போத்தல் காவுகிறவனாகவும் ஆனேன். எனக்கு அது பிடித்தே இருந்தது.

அவள் தேடுவது பார்ஷ் என்கிற மீனை. முதுகில் முள்ளும், உடம்பில் கறுத்தப் பட்டிகளும், சிவந்த செட்டைகளும் உள்ள மீன். அது கூட்டமாகத் திரியும், ஓரிடத்தில் நிற்காது. பிடிக்கிறவரும் அதன் பின்னால் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். என் மனைவி கரையோரமாக மைல்கணக்கில் நடப்பாள். தண்ணீரில் சின்ன மீன்கள் சிதறுகிற விதத்தைப் பார்த்தே, "உதில நிக்கிறார்" என்று சொல்லி எறிவாள். பெரும்பாலும் நிற்பார்.

பிறகு அவளுடைய வலது முழங்காலை மாற்ற வேண்டி வந்தது. சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. ஆனால் அந்த இலையுதிர்காலத்தில் ஏரிக்கரைக் கல்லில் வழுக்கி விழுந்துவிட்டாள். முறிவு இல்லை. எனினும் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: சமதரையில் எவ்வளவும் நடக்கலாம், சரிவான கரையில் இனி இறங்கக்கூடாது.

தை மாதத்தில் ஒருநாள் மனைவி என்னிடம் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, ஏப்ரல் முடியிறதுக்குள்ள ஒரு வள்ளம் சரிவந்தாச் சரி. இல்லாட்டி தடியள் எல்லாத்தையும் என்னோட வேலை செய்யிறவளிட்டக் குடுத்திடுவன். மூலைக்குள்ள வச்சுப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது."

அவள் சும்மா சொல்கிறவள் அல்ல.

மனைவியின் தம்பி எசன் நகரில் இருக்கிறான். பெரிய வான் வண்டி வைத்திருக்கிறான். அவன் கதைத்தால் கடையில் நிற்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் அவன் இல்லாமல் இப்படியான காரியங்கள் எனக்கு நடக்காது. முதலில் காற்றடிக்கிற வள்ளம் ஒன்றைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். மடித்துக் காரில் வைக்கலாம், நிறுத்த இடம் தேவையில்லை என்றான். கடை நிலத்தில் ஊதி வைத்திருந்த வள்ளத்துக்குள் மனைவி ஒரு காலை வைத்தாள். அதன் அடி மெத்தைபோல அமிழ்ந்தது.

"இதில நிண்டு எறிஞ்சன் எண்டா மற்ற முழங்காலையும் மாத்த வேண்டி வரும்" என்று காலை எடுத்துவிட்டாள்.

அடுத்ததுதான் எங்கள் பிழை. எங்கள் வீடுகளில் எதை வாங்கும்போதும் "ஆக்கள் வந்தால்?" என்று ஒரு கேள்வி வரும். நாங்கள் இரண்டு பேர் சாப்பிடுகிற மேசைக்குப் பத்துக் கதிரை உண்டு. எங்கள் கார் ஏழு பேருக்கானது. பின் இருக்கையில் வருடத்தில் இரண்டு தரம் ஆள் இருக்கும். அதே கேள்வியோடுதான் வள்ளமும் பார்த்தோம். தம்பி இணையத்தில் ஆறு பேர் இருக்கக்கூடிய பிளாஸ்டிக் வள்ளம் ஒன்றைக் கண்டுபிடித்தான்.

"அக்கா, சுவிசில இருந்து மாமா ஆக்கள் வந்தா எங்க இருத்திறது? உதில ஆறு பேர் வடிவா இருக்கலாம். நடுவில சோத்துச் சட்டியும் வைக்கலாம்."

"வள்ளம் மாமாவுக்கோ, எனக்கோ?"

"உமக்குத்தான்," என்றேன் நான். "எண்டாலும் ஆக்கள் வந்தா..."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். 

அதை விற்க இருந்தவர் ஒரு சனிக்கிழமை அதை ஏரியில் இறக்கி ஓடிப் பார்க்க விட்டார். அதன் விளிம்பு மனைவியின் இடுப்பளவு உயரம். அந்தக் காலைத் தூக்கி வைக்க அவளால் முடியவில்லை. தம்பியும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினோம். கரையில் வள்ளம் கட்டுகிற மேடையில் நின்ற ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அரிசி மூட்டை ஏத்திற மாதிரி எல்லே கிடக்கு" என்றான் தம்பி. அவள் சிரிக்கவில்லை.

எங்கள் ஏரியில் பெற்றோல் மோட்டார் ஓட்டக்கூடாது. நான்தான் துடுப்புப் போட்டேன். உயர்ந்த பக்கங்களில் காற்றுப் பிடித்து வள்ளம் தன் பாட்டில் சுற்றியது. அவள் எறியத் தடியை ஓங்கும்போதெல்லாம் முன்பக்கம் வேறு திசையில் நின்றது. அடிப்பக்கம் கூர்மையானது என்பதால் தம்பி எழும்பி மறுபக்கம் போனதும் முழு வள்ளமும் சரிந்தது. அவள் தடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

"கரைக்கு விடுங்கோ" என்றாள்.  வீட்டுக்கு வந்து தடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, துணிப்பைகளில் போட்டு, வாயைக் கட்டி வாசலோரம் சாத்தி வைத்தாள். ஏப்ரல் முடிய மூன்று கிழமை இருந்தது.

எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. நாங்கள் வள்ளத்தைப் பற்றி எத்தனையோ கேட்டோம், அவளுடைய காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த நாள் தேநீர் குடிக்கும்போது கேட்டேன்: "எந்த உயரத்தில இருந்தா உமக்குக் கை ஊண்டாமல் எழும்ப ஏலும்?"

அவள் கோப்பையை வைத்தாள். தையல் பெட்டிக்குள் இருந்து அளவு நாடாவை எடுத்து வந்தாள். வீட்டில் உள்ள எல்லாக் கதிரைகளிலும் இருந்து எழும்பிப் பார்த்தாள், படுக்கையறைக் கட்டில் உட்பட. நாற்பத்தைந்து சென்ரிமீற்றர். அதற்குக் கீழே என்றால் கை ஊன்ற வேண்டும். பிறகு படியில் காலைத் தூக்கிப் பார்த்து, விளிம்பு எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று எழுதினாள். பிறகு சுவருக்குப் பெயின்ற் அடிக்கும்போது ஒட்டுகிற நாடாவால் இருக்கையறை நிலத்தில் ஒரு வள்ளம் கீறினாள். மூன்று மீற்றர் நீளம். அவள் முன்னுக்கு நின்று தடியை வீசுவதுபோல் வீசினாள். நான் பின்னுக்கு இருந்து விளக்குமாற்றைத் துடுப்பாக வலித்தேன். அது அவளுடைய கையில் பட்டது.

"என்ர முழங்கையை உடைக்காதேங்கோ. முழங்கால் ஒண்டு காணும்."

கிழமைக்கணக்கில் கேட்காத சிரிப்பு. நாடாவைக் கிளப்பி, மூன்று மீற்றர் எண்பதுக்கு நீட்டினோம். இப்போது இருவருக்கும் இடம் போதும். தனக்கு என்ன தேவை என்பதை இவ்வளவு துல்லியமாக அறிந்த ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தத் தாளில் தட்டையான அடி, வழுக்காத நிலம், எங்கள் கார் இழுக்கக்கூடிய பாரம் என்று எல்லாம் இருந்தன. எத்தனை பேர் இருக்கலாம் என்பது மட்டும் இல்லை.

தொலைபேசியில் ஜேர்மன் கதைப்பது எனக்கு வேப்பெண்ணெய் குடிப்பது போல. ஆனாலும் வள்ளம் விற்கிற ஏழு பேருக்கு எடுத்து அந்தத் தாளை வாசித்தேன். ஏழாவது ஆள் ஏரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பழைய வள்ளங்களைத் திருத்தி விற்கிறவர்.

"எல்லோரும் எத்தனை பேர் ஏறலாம் என்றுதான் கேட்பார்கள். இருக்கை எத்தனை சென்ரிமீற்றர் என்று கேட்டவர் நீங்கள்தான்," என்றார். "இதை எழுதியவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

அவருடைய முற்றத்தில் தட்டையான அடியுள்ள ஒரு அலுமினிய வள்ளம் இருந்தது. விளிம்பு பதிவு, அவள் எழுதிய உயரத்துக்குள் இருந்தது. முன்பக்கத்தில் பலகை அடித்து மேடைபோல ஆக்கியிருந்தது. இருக்கை தாழ்வாக இருந்ததால் அதன் கீழ் ஒரு குழாய் வைத்து உயர்த்தித் தருவதாகச் சொன்னார். தம்பி சுற்றிச் சுற்றி வந்தான்.

"அத்தான், உது குளிக்கிற தொட்டியெல்லே. மாமா ஆக்கள் வந்தா?"

"கரையில நிண்டு கை காட்டட்டும்" என்றாள் அக்காக்காரி.

அதையே வாங்கி, ஏப்ரல் கடைசி ஞாயிறு ஏரியில் இறக்கினோம். தம்பி கை நீட்டினான். "விடு, தொடாதை" என்றாள். கரை மேடைத் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி மாற்றிய காலை முதலில் இறக்கி, மற்றக் காலையும் வைத்தாள். வள்ளம் சற்று அமிழ்ந்து அப்படியே நின்றது. அவள் தூணை விட்டாள்.

நான் பின்னுக்கு இருந்து வலித்தேன். அவள் முன்னுக்கு நின்றாள். தண்ணீரைப் பார்த்தபடியே கையால் இடப்பக்கம், வலப்பக்கம் என்று காட்டினாள். ஒரு குடாவுக்குள் கையை உயர்த்தியதும் துடுப்பை நிறுத்தினேன். எறிந்தாள். தூண்டிலில் மாட்டிய ரப்பர் மீன் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. இரண்டாவது தடவையே தடி வளைந்தது. சிவந்த செட்டை தண்ணீருக்குள் திரும்பியதைக் கண்டு நான் வலையை எடுத்தேன். அவள் உடம்பைத் திருப்பி, அந்தக் காலில் பாரத்தைக் கொடுத்து, நேராக நின்றபடியே மீனைப் பக்கத்துக்குக் கொண்டு வந்தாள். நான் மீனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வலையைப் போடுங்கோவன்! என்ர முகத்திலயோ மீன் நிக்குது?"

மதியத்துக்குள் ஐந்து பிடித்தாள். களைத்தபோது கை ஊன்றாமல் இருந்தாள், கை ஊன்றாமல் எழும்பினாள். கரைக்கு வரும்போது, "இது காணும், வேற வேண்டாம்" என்றாள்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. மழை பெய்தது. நான் காலை வேலைக்குப் போனேன். பின்னேரம் இருவரும் வள்ளத்துக்கு உறை வாங்கப் போனோம். எங்கள் அளவில் இருக்கவில்லை. எடுப்பித்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார்.